தென்காசி, அம்பை (அம்பாசமுத்திரம்), நாகர்கோயில் பக்கம் 8 நாள் காருல போறேன், வீட்டுப் பின்னாடி தோட்டங்கள போட்டோ எடுக்கணும், வழி சொல்லுங்க

பொடக்காளி கேட்டது:

வணக்கம்ங்க. நான் திருப்பூர்ல இருக்கேன், பனியன் கம்பெனிகளுக்கு கேட்டலாக் போட்டோ எடுக்கறது தொழில். மத்த நேரத்துல எனக்குப் புடிச்சத எடுப்பேன். ரொம்ப நாளா மனசுல இருக்கறது ஒண்ணுதான், சின்ன ஊருகள்ல வீட்டுக்குப் பின்னாடி இருக்கற தோட்டம். தோப்பு தொரவெல்லாம் இல்லீங்க, பாத்திரம் கழுவுற தண்ணி போய் நிக்கற எடத்துல நாலு வாழை, கெணத்தடில கருவேப்பில, செவுத்தோரம் ஒரு முருங்க, அதுமேல ஏறிப்போன அவரக்கொடி, அந்த மாதிரி. எங்க பக்கம் அதுக்குப் பேரு பொடக்காளி.

தாராபுரம் பக்கத்துல எங்க அம்மாயி, அதாவது அம்மாவோட அம்மா, வீட்டுப் பொடக்காளிலதான் நான் வளந்தேன். நார்த்த மரம் ஒண்ணு, துவைக்கற கல்லு, ஆட்டாங்கல்லு, கூரை மேல சொரக்கொடி. அம்மாயி போனதுக்கப்பறம் வீட்ட வித்தாச்சு, வாங்குனவங்க பின்னாடி பூரா காங்கிரீட் போட்டு வாடகைக்கு ரெண்டு ரூம் எடுத்துட்டாங்க. அது அவங்க எடம், அதுல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா வீட்டுக்கு வந்து ஹார்டு டிஸ்க் எல்லாத்தையும் தொறந்து பாத்தா அந்த எடத்தோட ஒரு படம் கூட எங்கிட்ட இல்ல. மாமா கல்யாண ஆல்பத்துல ஒரே ஒரு படம், சொந்தக்காரங்க வரிசையா நிக்கறாங்க, பெரிய மாமா தோளுக்கு மேல நார்த்த மரத்தோட ஒரு கெள தெரியுது. அவ்வளவுதான் மிச்சம்.

அதனால மத்தவங்க வீட்டுலயாவது இருக்கறப்பவே எடுத்து வச்சரணும்னு தோணுது. மார்கழில 8 நாள் லீவு போட்டிருக்கேன், கார் இருக்கு, தனியாதான் வர்றேன். ஒட்டன்சத்திரம், மதுரை, திருமங்கலம், ராஜபாளையம் வழியா தென்காசி, அங்கிருந்து அம்பாசமுத்திரம், களக்காடு வழியா நாகர்கோயில், அப்பறம் குலசேகரம் பக்கம். கேமரா ஃப்யூஜி எக்ஸ்-டி30, 23 எம்எம் எஃப்2, அப்பறம் 18-55.

எந்த ஊருல நின்னா நல்லதுன்னு தெரியல. அத விட பெரிய சந்தேகம், தெரியாத ஊருல ஒருத்தர் வீட்டுக் கதவ தட்டி உங்க பொடக்காளிய போட்டோ எடுக்கலாமான்னு எப்படிக் கேக்கறது? நான் போன மாசம் பக்கத்து ஊருல முயற்சி பண்ணினேன், ரெண்டு வீட்டுல என்னை ஏதோ கடன் கம்பெனி ஆளுன்னு நெனச்சுட்டாங்க. மரத்தடில வெளிச்சமும் எனக்குச் சரியா வரமாட்டேங்குது, ஒரு பக்கம் வெள்ளையா எரிஞ்சு போகுது, ஒரு பக்கம் கருப்பா அடஞ்சு போகுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விளைக்காரன் சொன்னது:

நல்ல காரியம். நான் திருவட்டார் பக்கம், அதனால கன்னியாகுமரி மாவட்டத்த மட்டும் சொல்லுதேன், தென்காசி பக்கம் அங்க உள்ளவங்க சொல்லட்டும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கிடுங்க, எங்க மாவட்டத்துக்குள்ளயே ரெண்டு தினுசு இருக்கு. ஆரல்வாய்மொழி தாண்டி தோவாளை, நாகர்கோயில் சுத்துவட்டாரம் நாஞ்சில் நாடு. அங்க வயல் நடுவுல ஊரு, தெரு தெருவா ஒட்டி ஒட்டி வீடு, தோட்டம் வீட்டுக்குப் பொறத்த ஒரு துண்டா இருக்கும். நாகர்கோயில் விட்டு மேற்க தக்கலை, திருவட்டார், குலசேகரம், மார்த்தாண்டம்னு போனா தெருவே கெடையாது, அவனவன் நிலத்துல நடுவுல வீடு, சுத்தி எல்லாமே தோட்டம். அத நாங்க விளைன்னு சொல்லுவோம். ரோட்டுல போர்டு பாத்துட்டே வாங்க, பாதி ஊரு பேரு விளைன்னுதான் முடியும். அங்க வந்து வீட்டுப் பின்னாடி எங்கன்னு தேடினா கெடைக்காது, முன்னாடியே பின்னாடிதான்.

விளைல மேல தென்னையும் அயனியும் நிக்கும், அதுக்குக் கீழ சக்கை, மா, கொல்லாமரம். மத்த ஊரு ஆளுங்களுக்கு முந்திரின்னா எங்களுக்குக் கொல்லாமரம், பலான்னா சக்கை, மரவள்ளின்னா மரச்சீனி, கேக்கும்போது இந்தப் பேரச் சொல்லிக் கேட்டா சட்டுனு சிரிச்சிட்டு உள்ள விடுவாங்க. மரத்துல நல்லமிளகு கொடி ஏறி நிக்கும். எடையில வாழை, வாழைன்னா ஒரு ஜாதி இல்ல, மட்டி, ஏத்தன், செந்தொளுவன், ரசகதலி, பாளையங்கோட்டான்னு ஒரே விளைல நாலஞ்சு நிக்கும். விரல் மாதிரி சின்னதா இருக்க மட்டிப்பழத்தத்தான் எங்க ஊருல புள்ளைகளுக்கு முதல்ல ஊட்டுவாங்க, அதுக்கு 2023ல புவிசார் குறியீடும் கெடச்சிருக்கு. தரையில இஞ்சி, மஞ்சள், சேம்பு. எல்லையில கைதச்சக்கை, அதான் அன்னாசி, வேலிக்கு வேலியும் ஆச்சு. மேல இருந்து கீழ வரைக்கும் அஞ்சாறு அடுக்கு, நீங்க ஆளு உயரத்துல நின்னு எடுத்தா வெறும் பச்சையா ஒரு படம் வரும். ஒரு ஏணி கேளுங்க, எல்லா வீட்டுலயும் இருக்கும், இல்லன்னா மொட்டை மாடில ஏறிக் கீழ பாத்து எடுங்க, அப்பதான் அடுக்கு தெரியும்.

இன்னொண்ணும் பதிவு பண்ணுங்க, இத யாரும் எடுக்குறதில்ல. எங்க தாத்தா காலத்து விளைகள் நெறைய இப்ப ரப்பர் ஆயிட்டு. குலசேகரம், திற்பரப்பு ரோட்டுல ரெண்டு பக்கமும் பாத்தீங்கன்னா வரிசையா ஒரே உயரத்துல ரப்பர், பால் புடிக்க சிரட்ட, அதான் கொட்டாங்குச்சி, கட்டி வச்சிருக்கும். அதுல ஒரு குடும்பத்துக்குப் படிப்பு, கல்யாணம் எல்லாம் நடந்திருக்கு, அதனால நான் குறை சொல்லல. ஆனா ரப்பர் விளைக்கும் பழைய விளைக்கும் நடுவுல ஒரு வேலிதான் இருக்கும், ஒரே ஃப்ரேமுல ரெண்டும் வாற இடம் எங்க வீட்டுப் பக்கமே இருக்கு. மார்கழி கடைசி, தை பக்கம் ரப்பர் எல உதிரும், பக்கத்து விளை பச்சையா நிக்கும்போது இது மொட்டையா நிக்கும், அத எடுங்க.

1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க தமிழ்நாட்டுல இல்ல, முதல்ல திருவிதாங்கூர், அப்பறம் திருக்கொச்சி. செங்கோட்டையும் அன்னைக்கித்தான் தமிழ்நாட்டோட சேந்தது. அதனாலதான் செங்கோட்டைல ஓட்டு வீடு, முற்றம் எல்லாம் பாக்கும்போது உங்களுக்கு எங்க ஊரு ஞாபகம் வரும், வரிசையா ரெண்டையும் எடுத்தீங்கன்னா படமே பேசும்.

பத்மநாபபுரம் அரண்மனை திங்கக்கெழம லீவு, அத பாத்து நாளு வச்சிக்கிடுங்க. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு மேல ஏறி நடந்தீங்கன்னா கீழ பறளியாத்தோட ரெண்டு கரையிலயும் வீடும் விளையும் கலந்து தெரியும், ட்ரோன் இல்லாமலே மேல இருந்து எடுக்குறதுக்கு அத விட நல்ல இடம் கெடையாது. காலைல 7 மணிக்குள்ள போயிருங்க, வெயில் ஏறினா மேல நிக்க முடியாது.

சாரல் சொன்னது:

நான் இலஞ்சி பக்கம், கல்யாண போட்டோகிராஃபர், 2011லருந்து இந்த ரோட்டுல ஓடிட்டு இருக்கேன். வெளிச்சத்துக்கு பதில் சொல்றேன்.

மரத்தடி வெளிச்சம் எரிஞ்சு போறதுக்குக் காரணம் நேரம்தான், கேமரா இல்ல. 10 மணிக்கு மேல தென்னை எலை சந்துல எறங்குற வெயில எந்த கேமராவாலயும் நிழலோட சேத்துப் புடிக்க முடியாது. காலைல 6.30லருந்து 8.30, சாயங்காலம் 4லருந்து 5.30, அவ்வளவுதான் உங்க வேல நேரம். நடுவுல சாப்பிடுங்க, தூங்குங்க, அடுத்த ஊருக்கு வண்டி ஓட்டுங்க. மூடாப்பு போட்ட நாளு வந்தா அன்னைக்கி மட்டும் நாள் பூரா எடுக்கலாம், மழ பெஞ்சு விட்ட ஒரு மணி நேரம் தங்கம்.

பாதி வெயில் பாதி நிழல்ல எடுத்தே ஆகணும்னா, வெளிச்சம் விழுற எடத்துக்கு எக்ஸ்போஷர் வைங்க, 0.7 இல்லன்னா 1 ஸ்டாப் (1 ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகும்) கொறச்சு RAW ஃபைலா எடுங்க, நிழல அப்பறம் தூக்கலாம், எரிஞ்சு போன வெள்ளைய திருப்பிக் கொண்டுவர முடியாது. போலரைசர் ஃபில்டர் ஒண்ணு கட்டாயம் வாங்குங்க. எலைல அடிக்கிற பளபளப்பத்தான் நெறைய பேரு வெயில்னு நெனக்கிறாங்க, போலரைசர திருப்பினா அது போயி உள்ள இருக்குற பச்சை வெளிய வரும். ஆனா ஒண்ணரை ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தத் திங்கும், அதனால காலைல இருட்டோட போடாதீங்க.

ஆளுங்கள தோட்டத்துக்குள்ள நிக்க வச்சா மொகத்துல பச்சை அடிக்கும், சுத்தி இருக்குற எலை எல்லாம் பச்சைய மொகத்துல தள்ளும். ஆட்டோ வொய்ட் பேலன்ஸ் அதுல கொழம்பிரும். நான் செய்றது, வீட்டுல காயப்போட்டிருக்க வெள்ள வேட்டிய கேட்டு வாங்கி, மொகத்துக்கு எதுத்தாப்ல கொடில போட்டுருவேன், வெளிச்சமும் திரும்பும், பச்சையும் கொறையும். மிச்சத்த டின்ட்ல கொஞ்சம் மெஜந்தா பக்கம் தள்ளினா போதும்.

இன்னும் ஒண்ணு, ஏசி போட்ட காருல கேமராவ பக்கத்து சீட்டுல வச்சிட்டு வராதீங்க. எறங்குன ஒடனே லென்ஸ் உள்ள வரைக்கும் ஆவி படியும், குலசேகரம் பக்கம் ஈரக்காத்துல தெளியறதுக்கு இருவது நிமிசம் ஆகும், அதுக்குள்ள நல்ல வெளிச்சம் போயிரும். டிக்கில போட்டு வைங்க.

ட்ரோன் வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இந்தப் பக்கம், மகேந்திரகிரி இஸ்ரோ, கூடங்குளம் அணு உலை அந்தப் பக்கம், எங்க தூக்கினாலும் பிரச்சினை. 23 எம்எம் போதும், அத மட்டும் மாட்டிட்டு நடங்க.

ஊருன்னா, தென்காசில தங்கிட்டு கடையம், ஆழ்வார்குறிச்சி, அப்பறம் அம்பை, கல்லிடைக்குறிச்சி. கடையம் செல்லம்மா பாரதியோட ஊரு, 1918 கடைசில கடலூர் ஜெயில்லருந்து வெளிய வந்ததும் பாரதியார் அங்கதான் போனாரு, 1920 வரைக்கும் இருந்தாரு. மலை ஊருக்குப் பின்னாடியே நிக்கும், எந்தத் தெருவோட கடைசிலயும் மேற்க பாத்தா மலை. புழக்கடைய எடுக்கும்போது அத உள்ள கொண்டுவாங்க, இல்லன்னா அது எந்த ஊருன்னே தெரியாது.

கல்லிடைல அக்ரஹாரத்து வீடு அகலம் கம்மி, நீளம் ரயில் பெட்டி மாதிரி. தெருக்கதவு, ரேழி, கூடம், அடுக்களை, கிணறு, தோட்டம், எல்லா நெலையும் ஒரே நேர்கோட்டுல இருக்கும். தெருக்கதவுக்கு வெளிய ட்ரைபாட வச்சு எஃப் 8ல, ரெண்டு ரெண்டு ஸ்டாப் வித்தியாசத்துல மூணு படம் எடுத்து சேத்தீங்கன்னா, இருட்டான கூடத்தோட கடைசில தபால் தலை அளவுக்குத் தோட்டம் பச்சையா மின்னும். நான் பத்து வருஷமா எடுக்குறேன், இன்னும் எனக்குத் திருப்தியா வரல, நீங்க எடுங்க. வாசல்ல கோலம் இருக்கும், ட்ரைபாட் கால் அதுமேல படக்கூடாது.

மழைய மட்டும் கவனிங்க. மார்கழி தொடக்கம் சாதாரணமா நல்லாத்தான் இருக்கும், ஆனா 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாள் பெஞ்சது ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி ஊருக்குள்ள வந்துட்டு. வானிலை அறிக்கைல ஆரஞ்சு, சிவப்புன்னு வந்தா ஆத்தங்கரை ஊருல நிக்காதீங்க.

பிச்சிப்பூ சொன்னது:

எனக்கு அம்பாசமுத்திரம், இப்ப சென்னைல இருக்கேன். ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க, ஆனா கதவ எப்படித் தட்டுறதுன்னு நீங்க கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல, அது ஒரு பொம்பளைகிட்ட கேக்க வேண்டிய கேள்வி.

புறவாசல்ங்கிறது எங்க ஊருல பொம்பளைங்க எடம். வாசல் பக்கம் ஆம்பளைங்க உக்காந்து பேசுவாங்க, திண்ணை அவங்களுக்கு. பின்னாடிதான் எங்க ஆச்சி குளிச்சு தல உலத்துவா, நைட்டியோட பாத்திரம் தேய்ப்பா, மனசு சரியில்லன்னா தொவைகல்லுல உக்காந்து அழுதுட்டு வருவா. தெருவுல போறவங்க பாக்கக் கூடாதுன்னுதான அது பின்னாடி இருக்கு. அதனால நீங்க தோட்டம்னு நெனச்சு கேக்குறீங்க, அவங்களுக்கு அது குளியலறைக்குள்ள வரலாமான்னு கேக்குற மாதிரி கேக்கும். கடன் கம்பெனின்னு நெனச்சது மட்டும் காரணம் இல்ல.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் வந்து எங்க ஆச்சிய பூப்பறிக்கும்போது படம் எடுத்துட்டுப் போனாரு. நல்ல மனுசனாத்தான் பேசினாரு, ஆச்சி காபி கூட போட்டுக் குடுத்தா. ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு எண்ணெய் விளம்பரத்துல ஆச்சி மொகம் வந்துச்சு. அந்த எண்ணெய ஆச்சி வாழ்க்கைல தொட்டதில்ல. எங்க அத்தை கடைல பாத்துட்டு வந்து சொன்னப்ப ஆச்சி ஒண்ணுமே சொல்லல, அதுக்கப்பறம் புறவாசல் கதவ பகல்லயும் கொண்டி போட ஆரம்பிச்சா. படம் ஒண்ணு கூட எங்களுக்கு வரல. ஆச்சி போன வருஷம் தவறிட்டா. நல்ல படம் அது, அதத்தான் இன்னும் என்னால தாங்க முடியல, எங்ககிட்ட இருக்குறதுலயே ஆச்சி அவ்வளவு அழகா வேற எதுலயும் இல்ல, அத நான் ஒரு விளம்பரத் தாள்லருந்து வெட்டி எடுத்து வச்சிருக்கேன்.

அதனால நான் சொல்றத கேளுங்க. முதல் நாள் கேமராவ வண்டிலயே விட்டுட்டுப் போங்க. ஊருல பூக்கடை, டீக்கடை, தையல் கடைல யாராவது ஒரு அக்காகிட்ட பேசுங்க, அவங்க வழியா ஒரு வீட்டுக்குப் போங்க, தனியா தட்டாதீங்க. வீட்டுப் பொம்பளைட்ட நேரா கேளுங்க, அவங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டு அவரு சரின்னு சொன்னா அது சம்மதம் இல்ல. படம் எங்க போகும், எதுக்குன்னு சொல்லுங்க, ஆள் மொகம் வேண்டாம்னா வேண்டாம். அம்பைலயும் தென்காசிலயும் ஸ்டுடியோ இருக்கு, அன்னைக்கி சாயங்காலமே 4க்கு 6 சைஸ்ல பிரிண்ட் போட்டு மறுநாள் காலைல கையில குடுங்க. வாட்ஸ்அப்ல அனுப்புறேன்னு சொல்லாதீங்க, அந்த ஃபோன் பேரன்கிட்ட இருக்கும். நெட்ல போடும்போது ஊரு பேரு போதும், தெரு பேரும் வேண்டாம், லொக்கேஷனும் வேண்டாம், தனியா இருக்குற வயசானவங்க வீட்டுக்குப் பின்வாசல் எப்படி இருக்குன்னு ஊருக்கே காட்டுற மாதிரி ஆயிரும்.

எடுக்குறதுன்னா எதை எடுக்கணும்னு ஒண்ணு சொல்றேன். புடலைப் பந்தல் இருந்தா காய் வளையாம நேரா வளரணும்னு நுனில கல்ல கட்டித் தொங்க விட்டிருப்பாங்க. எங்க ஆச்சி அதுக்கு அவ சீலைக் கரையக் கிழிச்சுக் கட்டுவா, ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு கலர். ஆடில போட்ட வெதை, நீங்க போறப்ப கடைசிக் காய் நிக்கலாம்.

ராஜபாளையத்தான் சொன்னது:

வழில ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு அரை மணி நேரம் நில்லுங்க. கோயிலுக்குப் பக்கத்துலயே நந்தவனம் இருக்கு, பெரியாழ்வார் துளசிச் செடிக்கு அடியில ஆண்டாள கண்டெடுத்தாருன்னு சொல்ற எடம். தோட்டத்தப் பத்தி படம் எடுக்குறவரு அத தாண்டிப் போகக் கூடாது. அப்பறம் அதே ரோட்டுல புளியங்குடி, சுத்தி எலுமிச்சை, மார்க்கெட்டுக்குப் பக்கம் கண்ணாடிய எறக்கிட்டு ஓட்டுங்க, வாசனை வரும்.

பொடக்காளி சொன்னது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பிச்சிப்பூ அக்கா, நீங்க எழுதுனத மூணு தடவ படிச்சேன். நான் போட்ட பிளான்ல ஒரு நாளைக்கு ரெண்டு ஊருன்னு வச்சிருந்தேன், அத மாத்தறேன். மொத்தம் மூணே எடம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ராத்திரி. போய்ட்டு வந்து எழுதறேன்.

பொடக்காளி சொன்னது:

போய்ட்டு வந்துட்டேன்ங்க. நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

கடையம், கல்லிடைக்குறிச்சி, திருவட்டார், மூணு எடத்துலதான் தங்கினேன். கடையத்துல முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் கேமரா எடுக்கவே இல்ல. பூ கட்டிட்டு இருந்த ஒரு அக்காகிட்ட உக்காந்து பிச்சி எது, மல்லி எதுன்னு கேட்டுட்டு இருந்தேன், எங்க பக்கம் நாங்க ஜாதிமல்லின்னு சொல்றதத்தான் அவங்க பிச்சிங்கறாங்க. அவங்களே சாயங்காலம் அவங்க நாத்தனார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. "ஏன் வெளிய நிக்கிய, உள்ள வாங்க" அப்படின்னாங்க. அங்கதான் நான் எதிர்பாக்காதது ஒண்ணு நடந்துச்சு. போட்டோ எடுக்கலாமான்னு கேட்டதும் சரின்னுட்டு அவங்க வெளக்கமாத்த எடுத்து பூரா கூட்டிட்டாங்க. காஞ்ச எல, ஓட்டப் பக்கெட்டுல வச்சிருந்த கத்தாழை, கவுத்து வச்சிருந்த பானை, தேங்கா மட்ட, எல்லாத்தையும் ஓரம் கட்டி, சீலை மாத்திட்டு வந்து முன்வாசல்ல பைக்குக்குப் பக்கத்துல நின்னாங்க. நான் எடுக்க வந்தது எல்லாமே போயிருச்சு. ஆனா அவங்க நெனச்சது சரிதானே, விருந்தாளிக்கு யாரு குப்பையக் காட்டுவாங்க. பைக் பக்கத்துலயே நல்லா எடுத்தேன், வீட்டுக்காரரையும் பசங்களையும் சேத்து எடுத்தேன். ராத்திரி தென்காசிக்கு ஓட்டி பிரிண்ட் போட்டு காலைல கொண்டுபோய்க் குடுத்தேன். அத செவுத்துல எங்க மாட்டறதுன்னு அவங்க பேசிட்டு இருக்கறப்ப நான் பின்னாடி கெணத்தடில ஒக்காந்திருந்தேன், அவங்க பாட்டுக்கு வேலைய ஆரம்பிச்சுட்டாங்க, வெங்காயத்தாள் பறிச்சாங்க, கழனித் தண்ணிய வாழைக்கு ஊத்துனாங்க, இப்ப எடுக்கட்டுமான்னு கேட்டேன், "இதையா?"ன்னுட்டு ஒரு நிமிசம் நின்னுட்டு "சரி எடுங்க"ன்னாங்க. அந்த நாப்பது நிமிசத்துல எடுத்ததுதான் இந்த மொத்தப் பயணத்துலயும் நல்ல படங்க. அதுக்கப்பறம் எல்லா எடத்துலயும் இதே வழிதான். முதல்ல அவங்களுக்கு வேணுங்கற படம், மறுநாள் பிரிண்டோட போய் எனக்கு வேணுங்கற படம்.

மூணாவது நாள் மழை. காருக்குள்ள உக்காந்து கடையம் மலைய மேகம் மூடறத பாத்துட்டு இருந்தேன், சாயங்காலம் விட்டுச்சு, சாரல் அண்ணாச்சி சொன்ன அந்த ஒரு மணி நேரம். எலைல தண்ணி, செவுரு எல்லாம் நனஞ்சு கருத்து, செம்பருத்தி மட்டும் தனியா எரியற மாதிரி. போலரைசர் இல்லாமலே எடுத்தேன்.

கல்லிடைல அந்த நேர்கோட்டுப் படம் எனக்கும் பாதிதான் வந்துச்சு. மூணு எக்ஸ்போஷரும் சரியா சேந்துச்சு, ஆனா சேத்தப்பறம் கூடம் பளிச்சுனு தெரியுது, நேர்ல நிக்கறப்ப அப்படி இல்ல, கண்ணு இருட்டுல பழகி கொஞ்சம் கொஞ்சமா தூணு தெரியும், ஊஞ்சல் தெரியும். கடைசில சேக்காம, தோட்டத்துக்கு எக்ஸ்போஷர் வச்ச ஒரே படத்த வச்சுக்கிட்டேன், கூடம் பூரா கருப்பு, கடைசில பச்சை, நடுவுல தரைல ஒரு கோடு வெளிச்சம். அண்ணாச்சி, நீங்க பாத்து சொல்லுங்க, எனக்கு இதுதான் உண்மையா தோணுது. அந்த வீட்டுப் பெரியவரு ஒருத்தர்தான் இருக்காரு, பசங்க வெளிநாடு, தோட்டத்துல பாதி புதர் ஆயிருச்சு, ஆனா நந்தியாவட்டையும் துளசியும் மட்டும் தண்ணி ஊத்தி வச்சிருக்காரு, பூஜைக்கு வேணும்னு. பின்வாசல் கதவுக்கு வெளிய கால்வாய்ல தண்ணி ஓடற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு.

களக்காடு ரோட்டுல நெறைய நிக்கல, வாழை வயலு ரெண்டு பக்கமும், நல்லா இருந்துச்சு, ஆனா நான் வந்தது அதுக்கு இல்ல. தோவாளைல விடியறதுக்கு முன்னாடி பூ மார்க்கெட்ட பாத்தேன், கேமராவ விட மூக்குக்குத்தான் வேல.

திருவட்டார்ல விளைக்காரன் அண்ணன் ரெண்டு நாளும் கூடவே இருந்தாரு, அவருக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஏணி யோசனை சரியான யோசனை. கொல்லாமரம், மரச்சீனின்னு சொல்லிக் கேட்டேன், நிஜமாவே சிரிச்சாங்க. ஒரு வீட்டுல ஏணி மேல நின்னு எடுத்துட்டு இருந்தேன், கீழ அந்தப் பாட்டி ஒவ்வொரு மரத்தையும் தொட்டு தொட்டு இது எந்த வருஷம், யாரு வச்சது, எந்தப் புள்ள பொறந்தப்ப வச்சதுன்னு சொல்லிட்டே வந்தாங்க. நான் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணட்டுமான்னு கேட்டு பண்ணிட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டப்பறம்தான் தெரிஞ்சுது, படத்துல இருக்கற பச்சையில எது எதுன்னு அந்தக் குரல் இல்லாம எனக்கே தெரியாது. அடுத்த தடவ எல்லா வீட்டுலயும் பேச்சையும் சேத்துப் பதியணும். ரப்பரும் பழைய விளையும் சேந்த ஃப்ரேம் கெடச்சுது, ஆனா எல இன்னும் முழுசா உதிரல, அதுக்கு நான் ரெண்டு மூணு வாரம் முன்னாடி போய்ட்டேன்.

பிச்சிப்பூ அக்கா, புடலைப் பந்தல் ஒண்ணு கல்லிடைக்கு வெளிய கெடச்சுது. பந்தல் காஞ்சு போச்சு, ஒரே ஒரு காய், வெதைக்கு விட்டது, பழுத்து ஆரஞ்சா வெடிக்கப் போற நெலமைல. நுனில கல்லு அப்படியே இருந்துச்சு, பச்சைச் சீலைக் கரைல கட்டினது. அந்த அம்மாகிட்ட உங்க ஆச்சி கதைய சொன்னேன், பேரு சொல்லல. கொஞ்ச நேரம் கேட்டுட்டு, எம் மொகத்தையும் எடுங்க, ஆனா பிரிண்ட் எனக்கு மட்டும்னாங்க. அப்படியே செஞ்சேன், அந்த ஃபைல அவங்க முன்னாடியே கார்டுல இருந்து அழிச்சுட்டேன், ஒரே பிரிண்ட் அவங்ககிட்ட இருக்கு. கல்லு கட்டின காய் படத்த மட்டும் போட்டுக்கச் சொன்னாங்க. அத உங்களுக்கு அனுப்பணும், முகவரி தனியா சொல்லுங்க, பெரிய சைஸ்ல பிரிண்ட் போட்டு அனுப்பறேன்.

மொத்தம் 1,100 படம் எடுத்தேன், வச்சுக்கறதுக்கு 26 தேறும். 140 பிரிண்ட் குடுத்துட்டு வந்திருக்கேன். ஆடில வெதை போடறப்ப மறுபடி கடையம் போகணும், பூ கட்டற அக்கா வரச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் ஞாயித்துக்கெழமைகள்ல தாராபுரம் பக்கமே மிச்சம் இருக்கற பொடக்காளிகள எடுக்கலாம்னு போன வாரம் சித்தி வீட்டுல ஆரம்பிச்சேன். அங்க செவுத்தோரமா ஒரு நார்த்த மரம் நிக்குது, அம்மாயி வீட்டு மரத்தோட பழத்துல இருந்து எடுத்த வெதைன்னு சித்தி சொல்றாங்க, இத்தன வருஷமா எனக்குத் தெரியாது.

பிச்சிப்பூ சொன்னது:

முகவரி தனிச்செய்தில அனுப்பிட்டேன் தம்பி. சித்தி பேசுறதையும் சேத்து ரெக்கார்ட் பண்ணி வைங்க.